உம்மா சொன்ன சாரல்

1

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போன ஒரு நிமிடத்தில்தான் அது தோன்றியது. நார்வேயின் பெர்கன் நகரம், டிராம் நிறுத்தம், ஜூன் மாதக் காலை. கைபேசியில் வானிலைச் செயலி ‘மழை இல்லை’ என்று சத்தியம் செய்கிறது. என் கண்ணாடி முழுக்க ஊசிமுனை ஊசிமுனையாகத் தண்ணீர். டிராம் வந்தது. ஏறி, இரண்டு நிறுத்தம் தள்ளி அலுவலகத்துக்கு இறங்கினேன். அங்கே தரை காய்ந்து கிடக்கிறது. பெஞ்சில் ஒருவர் செய்தித்தாளை அகலமாக விரித்து வைத்து வாசிக்கிறார். தாளில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

அப்படியென்றால் அந்த இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் எங்கோ தூறல் முடிந்திருக்கிறது. ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு வீட்டு வாசலுக்கு முன்னால். அந்த இடத்தில் நின்றால் ஒரு தோள் நனையுமா, இன்னொரு தோள் காயுமா?

அடுத்த கேள்வி தானாக வந்தது. நம் ஊர்ச் சாரல் எங்கே நிற்கிறது?

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீசன் நேரத்தில் தென்காசியிலிருந்து கிழக்கே பஸ்ஸில் போனால், ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஓர் இடம் வந்ததும் ஒவ்வொருவராக ஏற்றிவிடுவார்கள். குற்றாலத்தில் தலையைத் துவட்டி முடிப்பதற்குள், சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி வயலுக்குள் நின்று யாரோ கூலிங் கிளாஸோடு படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். எத்தனை முறை அந்தப் பாதையில் போயிருக்கிறேன்! ஷட்டர் ஏறும் இடம் எது என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்க எட்டாயிரம் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி வர வேண்டியிருந்தது.

2

எனக்கு இந்த வியாதி புதிது அல்ல. என் பெயர் நஸ்ரின். ஊர் கடையநல்லூர். துறைமுகத்துக்குக் கப்பல்கள் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று கணிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் நிரல் எழுதுகிறேன். வேலை முடிந்ததும் கை சும்மா இருக்காது. எதிர்க் கட்டடத்தில் எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு விளக்கு எரிகிறது என்று ஒரு மாதம் குறித்து வண்ணப் படமாகப் போட்டேன். உம்மா அனுப்பும் குரல் செய்திகளில் ‘சாப்பிட்டியா’ எத்தனையாவது நொடியில் வருகிறது என்று அளந்தேன். இந்த நகரத்தில் கறிவேப்பிலை கிடைக்கும் கடைகளுக்கு வரைபடம் போட்டேன். மூன்று புள்ளிகள்தான் விழுந்தன. அதில் ஒரு கடை பிறகு மூடிவிட்டது.

சாரலுக்குத் தரவு எங்கே கிடைக்கும்? மழைமானிகள் இருக்கின்றன. ஆனால் சாரல் மானிக்குள் நிற்காது. ஊரே நனைந்திருக்கும், மானி பூஜ்யம் காட்டும். ஆகவே ஆட்கள் வேண்டும். வாட்ஸப்பில் ‘சாரல் வருதா’ என்று ஒரு குழு தொடங்கினேன். விதி ஒன்றுதான். தினமும் மாலை ஐந்து மணிக்குத் தலைக்கு மேல் என்ன நடக்கிறதோ அதை எழுத வேண்டும். எனக்கு அது மதியம் ஒன்றரை, சாப்பாட்டு நேரம்.

ஐந்து இடம், ஆறு ஆள். குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தும் கல்லூரித் தோழி. அச்சன்புதூரில் பள்ளித் தோழி. தென்காசியில் வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கும் இன்னொரு தோழி முத்துலட்சுமி. அவள் வீடு சுந்தரபாண்டியபுரம் என்பதால் அங்கே அவளுடைய அப்பா. கடையநல்லூருக்கு மட்டும் இரண்டு பேர்: வீட்டில் உம்மா, நாலு தெரு தள்ளி மொபைல் கடை வைத்திருக்கும் சாச்சா, அதாவது வாப்பாவின் தம்பி.

“ஏட்டி, அங்கன வருசம் பூரா மழைதான பெய்யுது? அது பத்தாதுன்னு இங்கன உள்ள தூத்தலையும் எண்ணுதியாக்கும்?” என்றார் சாச்சா.

முத்துலட்சுமி நேராக விஷயத்துக்கு வந்தாள். “ஏளா, எனக்கு என்ன கெடைக்கும்?”

“மேப்புல ஒன் பேரு வரும்.”

“பேரு ரேஷன் கார்டுலயே வந்துட்டு. வேற எதாவது சொல்லு.”

இப்படியெல்லாம் பேசினாலும் யாரும் ஒரு நாளும் தவறவில்லை. தவறியது என் நிரல்தான். வெயில், மப்பு, தூறல், சாரல், மழை என்று ஐந்து படி வைத்திருந்தேன். வந்ததோ “மூஞ்சில அடிக்கி”, “பொசுபொசுன்னு”, “தலைய நனைக்கல, மனச நனைக்கி”. கடைசியாகச் சொன்னது முத்துலட்சுமியின் அப்பா. அதை எந்தப் படியில் வைப்பது என்று ஒரு மதியம் முழுக்க யோசித்தேன். உம்மாவின் பதில்கள்தான் மிகத் தெளிவு: “நல்ல சாரல்.” “வெயில்.” “மப்பு, ஆனா பெய்யாது.”

சாச்சா தானாகவே வாப்பாவையும் குழுவில் சேர்த்துவிட்டார். வாப்பா சவூதியில், தம்மாமில் இருக்கிறார். ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஷிப்ட் போடுகிற வேலை. யார் எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று அட்டவணை எழுதுவது. இருபத்தாறு ஆண்டுகளாக அதே வேலை. குழுவில் அவர் எதுவும் எழுதமாட்டார். நான் வரைபடம் போட்டதும் ஒரு கட்டைவிரல் வரும். அறையில் கூடத் தங்கியிருப்பவர்களிடம் அதைக் காட்டுவார் என்று உம்மா சொன்னாள்.

3

நடுவில் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போனேன். வந்து மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. மூன்றாம் முறையும் அதே கூடம், அதே எண் சீட்டு, அதே கேள்விகள். முகவரி மாறியதா, திருமணம் ஆனதா, உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர்.

நமக்கு ஒரே பெயர். இவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாமல் கட்டம் நிரம்பாது. அதனால் என் கடவுச்சீட்டில் இருக்கும் வாப்பாவின் பெயரை எடுத்துப் போட்டுவிட்டார்கள். “சாகுல் ஹமீது, ஆறாம் கவுண்டர்” என்று அழைத்தால் எழுந்து போவது நான். அலுவலகத்தில் ‘அன்புள்ள ஹமீது’ என்று மின்னஞ்சல் வருகிறது. மருத்துவமனையில் பல் பிடுங்கியதும் வாப்பா பெயருக்குத்தான்.

மொழி வகுப்பு இன்னும் போகிறது. மழையைப் பற்றி வேலை செய்கிறேன் என்று சொல்ல நினைத்து, மழையில் நின்று வேலை செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆசிரியை பதறிப்போய், தொழிலாளர்களுக்கு மழைக்கோட்டு கொடுக்கும் இடத்தின் முகவரியை எழுதித் தந்தார். மறுக்க வார்த்தை தெரியவில்லை, வாங்கிக்கொண்டேன்.

உடன்பிறந்தவர்கள் என்ற கட்டத்தில் ‘1’ என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண் சாதாரணமாகக் கேட்டாள், “அடிக்கடி பேசிக்கொள்வீர்களா?” படிவத்தில் இல்லாத கேள்வி. சிநேகிதமாகக் கேட்டாள், அவ்வளவுதான். ஆம் என்றேன்.

பொய். என் அக்கா ஜன்னத்திடம் நான் பேசி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவளை வாப்பாவின் அக்கா மகனுக்கே கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் அவள் பட்டதை இங்கே எழுதமாட்டேன். கைக்குழந்தையோடு வெளியே வந்து, ஜமாத்தில் பேசி விலக்கு வாங்கி, தென்காசியில் வாடகைக்கு வீடு பார்த்து, ஒரு ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். “எங்க அக்கா மூஞ்சில இனி நான் எப்படி முழிப்பேன்?” என்று வாப்பா போனில் கத்தினார். அதோடு அவளிடம் பேச்சை நிறுத்தினார். அவள் வாசற்படியை யாரும் மிதிக்கக்கூடாது என்று உத்தரவு.

அதே மாதம்தான் எனக்கு இங்கே படிக்க இடம் கிடைத்தது. வாப்பா கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் ஒரு கட்டு இருந்தன. அக்கா பக்கம் நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்தக் கட்டு அப்படியே கிடந்திருக்கும். பேசவில்லை. விமானம் ஏறும் நாளில் அவள் இரண்டு முறை அழைத்தாள். எடுக்கவில்லை. பிறகு அழைக்க முகம் இல்லை.

4

ஐந்தாவது வாரம் எனக்கு ஓர் ஆசை வந்தது. யார் எவ்வளவு சரியாகச் சொல்கிறார்கள் என்று மதிப்பெண் போட்டால் என்ன? பக்கத்துப் பக்கத்து இடங்களின் பதிலை ஒப்பிட்டால் போதும். நிரலில் பத்து வரி. ஒரு புதன்கிழமை மதியம், சான்ட்விச்சைக் கடித்துக்கொண்டே ஓடவிட்டு, வந்த அட்டவணையை அப்படியே குழுவில் போட்டேன். தேதிகள், பதில்கள், பெயர்கள், தவறான இடங்களில் சிவப்பு.

முதலிடம் முத்துலட்சுமியின் அப்பா. கடைசி இடம் உம்மா. அவள் வரிசையில் மட்டும் சிவப்பு சிவப்பாகக் கட்டங்கள். நாலு தெரு தள்ளி சாச்சா ‘வெயில்’ என்று எழுதிய அதே ஐந்து மணிக்கு உம்மா ‘நல்ல சாரல்’ என்று எழுதியிருக்கிறாள். ஒரு முறை அல்ல, பல முறை.

குழு கலகலத்தது. “மைனி, கண்ணாடிய மாத்துங்க” என்று சாச்சா எழுதினார். “ஏளா, ஒங்க உம்மா கொழாயத் தொறந்து வச்சிட்டு அடியில நிக்காவளோ?” என்றாள் முத்துலட்சுமி. பிறகு, அத்தனை வாரத்தில் முதல் முறையாக, வாப்பா எழுதினார்: “முப்பது வருசம் துணி காயப் போட்டவ. மழைய தப்பா சொல்ல மாட்டா. காரணம் என்ன?”

வாப்பா என் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. எனக்குத் தலை கால் புரியவில்லை. ‘நாளைக்குக் கண்டுபிடித்துச் சொல்கிறேன் வாப்பா’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடிப் படத்தையும் வைத்தேன்.

உம்மா அந்தக் குழுவில் அன்று எதுவும் எழுதவில்லை.

5

வியாழன் மதியம் உட்கார்ந்தேன். முதலில் உம்மாவின் சிவப்புக் கட்டங்களை மட்டும் தனியே எடுத்தேன். அந்தப் பதில்கள் சாச்சாவோடு ஒத்துப்போகவில்லை, சரி. வேறு யாரோடாவது ஒத்துப்போகின்றனவா? ஒவ்வொரு இடமாக ஓட்டிப் பார்த்தேன். அச்சன்புதூர், இல்லை. குற்றாலம், பாதி. தென்காசி, அத்தனையும். முத்துலட்சுமி சாரல் என்ற நாளில் உம்மாவும் சாரல். அவள் மப்பு என்றால் இவளும் மப்பு.

தேதிகளுக்குப் பக்கத்தில் கிழமையைப் போட்டேன். திங்கள், வியாழன். திங்கள், வியாழன். திங்கள், வியாழன்.

சான்ட்விச் அப்படியே இருந்தது. மணி ஒன்று இருபத்தெட்டு. அன்றும் வியாழன். உம்மாவை அழைத்தேன்.

“ம்மா, எங்க இருக்கீங்க?”

“எங்க இருப்பேன்? வீட்டுலதான். இங்கன நல்ல சாரல், எழுதிக்கோ.”

குழுவில் அதே நிமிடம் சாச்சாவின் பதில் வந்து விழுந்தது: சுள்ளென்று வெயில்.

“சாச்சா கடையில வெயில் சுள்ளுன்னு அடிக்குதாம்மா.”

பின்னாலிருந்து, பாட்டியைக் கூப்பிடும் ஒரு குழந்தையின் குரல், “நன்னீ, இங்க பாரு, தண்ணி!”

“எவ சொன்னா? முத்துலட்சுமியா?” உம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

“யாரும் சொல்லல. அஞ்சு வாரமா நீங்கதான் சொல்லிட்டு இருக்கீங்க.”

மறைத்தது இடத்தை மட்டும்தான். வானத்தைப் பற்றிப் பொய் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. மகள் கேட்கிறாள், தலைக்கு மேல் இருப்பதைச் சொல்ல வேண்டும், சொன்னாள்.

“ஜன்னத்துக்கு அந்த ரெண்டு நாளும் சாயங்கால ஷிப்ட். பிள்ளைய யார்ட்ட விட்டுட்டுப் போவா? ரெண்டு மணி பஸ்ஸுக்கு வந்து, ஏழு மணி பஸ்ஸுக்குத் திரும்பிருவேன். ஒரு வருசமா வாறேன். ஊருல ஒரு ஈ காக்காக்குத் தெரியாது. சமுத்திரம் தாண்டி இருந்து நீ புடிச்சிட்ட. நல்ல படிப்புதான் படிச்சிருக்க.”

“வாப்பா வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே.”

“மிதிக்கலயே. நான் பின்வாசல் வழியாத்தான் வாறேன். நாளைக்கு மறுமையில கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன்.” சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “நஸ்ரினு, ஒங்க வாப்பா இதக் கண்டுபிடிச்சாவன்னா இந்தப் போக்கும் நின்னுரும். அவளும் வேலைய விடணும். பிள்ள என்னைத் தேடும். நீ என்ன செய்வியோ தெரியாது.”

6

என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எண்கள் பொய் சொல்லாது என்று குழுவில் பெரிய மனுஷி போல எழுதியவள் நான்தான். முதலில் அந்தக் கட்டங்களை வெறுமையாக்கினேன். பார்த்தால் இன்னும் மோசம். திங்களும் வியாழனும் விழுந்த பல் வரிசை போலப் பளிச்சென்று தெரிந்தது. பிறகு உம்மாவின் பதில்களைச் சாச்சாவின் பதில்களாக மாற்றினேன். முன்பு போட்ட அட்டவணையைக் குழுவிலிருந்து நீக்கினேன். புதிதை ஏற்றி, கீழே எழுதினேன்: ‘தவறு உம்மாவுடையது அல்ல. நிரலில் நேரக் குழப்பம். சரி செய்துவிட்டேன்.’

சாச்சா எழுதினார், “அப்ப மைனி பாஸ்!” முத்துலட்சுமி எனக்குத் தனியாக ஒரே வரி அனுப்பினாள்: “புரிஞ்சுது. நான் வாயத் தொறக்க மாட்டேன்.” அவள் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறது. ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

வாப்பாவின் நீலக் குறி வந்தது. கட்டைவிரல் வரவில்லை.

வெள்ளி வரவில்லை. சனி வரவில்லை. அலுவலகத்தில் ஒரு கப்பலை மூன்று மணி நேரம் தாமதமாகக் கணித்தேன். அது முன்னதாகவே வந்து துறையில் நின்றது. மேலாளர், “ஹமீது, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

7

ஞாயிறு மதியம் வாப்பா அழைத்தார். பின்னால் பஸ் சத்தம். வேலை முடிந்து கேம்புக்குத் திரும்பும் நேரம்.

“நீ அழிச்ச படத்த நான் எடுத்து வச்சிருக்கேன்” என்றார். சலாமுக்குப் பிறகு முதல் வாக்கியமே அதுதான். “வந்த அன்னைக்கே ரூம்ல காட்டணும்னு போன்ல சேத்து வச்சேன்.”

நான் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“இருவத்தாறு வருசமா ஷிப்ட் போடுத ஆளு நான். திங்கக்கெழம வியாழக்கெழமன்னு மாறாம வந்தா அது மேகத்தோட வேல இல்ல, மனுசனோட வேல. மேகத்துக்கு ஏது வார லீவு?”

“வாப்பா, உம்மா மேல…”

“நான் ஒன்னும் கேக்கல. நீயும் ஒன்னும் சொல்லாத.” பஸ் எங்கோ நின்று, கதவு திறந்து, மூடியது. “அந்தப் பிள்ளைக்கு இப்ப என்ன வயசு?”

“மூணு முடிஞ்சிட்டு வாப்பா.”

“பேசுதா?”

“நல்லாப் பேசுதா. வியாழக்கெழம போன்ல கேட்டேன். தண்ணின்னு சொன்னா.”

பஸ் மறுபடி கிளம்பும் சத்தம் கேட்டது.

“தென்காசில சாரல் கூடுதலோ?”

“கடையநல்லூர விடக் கூடுதல்தான்.”

“பிள்ளைக்குச் சளி புடிக்கும். பின்வாசப் பக்கம் சிமெண்டு வழுக்கும், ஒங்க உம்மா பாத்து நடக்கணும்.” பின்வாசல் வரைக்கும் வந்துவிட்டார். உம்மா எந்த வழியாகப் போவாள் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவை இருக்கவில்லை. “நான் கேட்டேன்னு அவகிட்ட சொல்லிராத, என்னா?”

“சரி வாப்பா.”

“இன்னொன்னு. கடையநல்லூருக்கு ரெண்டு ஆளு போட்டிருக்க. தென்காசிக்கு ஒருத்திதான். இது என்ன ஷிப்ட்? ஒரு ஆளு லீவு போட்டா என்ன செய்வ? அங்கன இன்னொரு ஆளப் போடு.”

“யாரப் போட?”

“அது ஒன் வேல. ஒனக்குத் தெரியாதா?” அத்தோடு வைத்துவிட்டார்.

8

சாரல் எங்கே நிற்கிறது என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. ஐந்து புள்ளிகளை வைத்துக் கோடு கிழிக்க முடியாது. கிழித்தால் அது என் ஆசைக்குக் கிழித்த கோடாகத்தான் இருக்கும். தென்காசிக்கும் சுந்தரபாண்டியபுரத்துக்கும் நடுவில் எங்கோ, நாளுக்கு ஒரு பக்கம் நகர்ந்துகொண்டு இருக்கிறது. அடுத்த சீசனில் அந்தப் பாதை பஸ் நடத்துனர்களைப் பிடித்தால் ஷட்டர் ஏறும் இடத்தைக் கேட்டு வாங்கிவிடலாம். அது பிறகு.

இப்போதைய நிலை இது. உம்மா போவது வாப்பாவுக்குத் தெரியாது என்று உம்மா நினைக்கிறாள். தனக்குத் தெரியும் என்பது உம்மாவுக்குத் தெரியக்கூடாது என்கிறார் வாப்பா. இருவருக்கும் நடுவில் இருவரிடமும் ‘சரி’ சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது நான். நான் மாற்றிய கட்டங்களைத் திரும்பப் பழையபடி ஆக்கிவிட்டேன். அந்தத் தாளை யாருக்கும் காட்டப் போவதில்லை, ஆனால் பொய்யை வைத்துக்கொண்டு தூங்க எனக்கு வரவில்லை.

உம்மாவைக் காப்பாற்றினேன் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உம்மாவாவது பஸ் ஏறிப் போனாள். வாப்பாவாவது குழந்தைக்கு வயது கேட்டார். மூன்று ஆண்டில் நான் என்ன செய்தேன் என்று அட்டவணை போட்டால், ஒரு வரி முழுக்க வெற்றுக் கட்டம்தான் வரும். அந்த வெறுமைக்கு நிரலில் எந்தக் குழப்பமும் காரணம் இல்லை.

ஜன்னத்துக்கு நேற்று ஒரு செய்தி எழுதினேன். மூன்று திரை நீளம். அழித்தேன். இன்னொன்று, வெறும் சலாம். அதையும் அழித்தேன். மூன்றாவது: ‘அக்கா, அங்கன சாரல் அடிக்குதா?’ அதைப் பார்த்து எனக்கே கோபம் வந்தது. செய்தி அனுப்பினால் நீலக் குறிக்குக் காத்திருக்க வேண்டும். அக்கா பதில் போடாமல் இருக்க அவளுக்கு எல்லா நியாயமும் உண்டு. காத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆகவே அழைக்கப்போகிறேன். நாளை செவ்வாய், அவளுக்குச் சாயங்கால ஷிப்ட் இல்லாத நாள். ஊரில் ஐந்து மணி, இங்கே ஒன்றரை. எடுத்தால், விமான நிலையத்தில் நான் எடுக்காத அந்த இரண்டு அழைப்புகளைப் பற்றித்தான் முதலில் பேசுவேன். சாரலைப் பற்றிப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். எடுக்காவிட்டால் புதன்கிழமை. அதுவும் இல்லையென்றால் வெள்ளி, அப்புறம் சனி.